பெண்கள் நலம் பேணலில் பாடசாலையும் கல்லூரியும்: மன்னார்த் தீவும் கரையோரமும்

பாடசாலை ஏன்

பெண்ணின் உடல்நலத்துக்கான அத்திவாரம் அவள் தாயாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இடப்படுகிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. அந்தக் குழாய் சரியாக மூடுவதற்குத் தேவையான போலிக் அமிலம் அதற்கு முன்னரே தாயின் உடலில் இருந்தாக வேண்டும். எலும்பின் உறுதியில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பூப்படைந்தது முதல் மாதந்தோறும் குருதியோடு இரும்புச்சத்தும் வெளியேறுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்யாமல் மணவாழ்க்கைக்குள் நுழையும் பெண், குருதிச்சோகையோடுதான் முதற் கர்ப்பத்தைச் சுமக்கிறாள். கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் செய்யக்கூடியதெல்லாம் இருக்கும் குறையைத் திருத்துவது மட்டுமே. குறை வராமற் காப்பதற்குரிய வயது 10 முதல் 19 வரையான பதின்பருவம்.

இலங்கையில் அந்த வயதுப் பெண்பிள்ளைகளை ஒருங்கே சந்திக்கக்கூடிய இடம் பாடசாலை ஒன்றுதான். மக்கள் ‘மிட்வைப்’ என்றே அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடுகளுக்குச் செல்வது பெரும்பாலும் கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பார்க்கவே. வைத்தியசாலைக்கு வருவோர் நோய் வந்த பின்னரே வருகின்றனர். பாடசாலைக்கோ பிள்ளை 5 வயதில் வந்து, நல்ல நிலையில் 11 அல்லது 13 ஆண்டுகள் அங்கேயே வளர்கிறாள். 1998 முதல் 14 வயது வரை கட்டாயமாக இருந்த பாடசாலைக் கல்வி 2016இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. பெண்கள் நலத்துக்கான சட்டமாக இதை எவரும் குறிப்பிடுவதில்லை. ஆயினும் பெண்பிள்ளை நலத்துறையின் கண்பார்வையில் இருக்கும் காலத்தை இரண்டு ஆண்டுகள் கூட்டிய சட்டம் இதுவே.

முன்னோடிகள்

வடபுலத்தில் பெண்கல்வியும் பெண்களுக்கான மருத்துவமும் நெருங்கியே வளர்ந்தன. அமெரிக்க மிஷனரிகள் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் ஆக்கிய மருத்துவ நூல்களுள் 1857இல் வெளிவந்த பிரசவ வைத்திய நூலும் ஒன்று. பெண்ணுடல் பற்றிய அறிவியலைத் தமிழில் தெளிவாகவும் கண்ணியமாகவும் எழுத முடியும் என்பதற்கு அதுவே சான்று. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் சுகாதார அறிவைப் பாடநூலுக்குள் கொண்டுவந்தவர் கனடாவிலிருந்து வந்து தமிழரை மணந்து இலங்கையிலேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரத்தினம். பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல் எழுதிய அவர், 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கிக் கிராமப் பெண்களிடையே சுகாதார அறிவைப் பரப்பினார். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது இலவசக் கல்வி வந்தது. கிராமம் வரை சென்ற மிட்வைப்பும், கிராமம் வரை சென்ற பாடசாலையும் சேர்ந்து தந்த பலன் பெரிது. 1930ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், நூற்றாண்டின் இறுதியில் அந்த எண்ணிக்கை மிகச் சிறிதாகக் குறைந்திருந்தது. வருமானம் குறைந்திருந்தும் இறப்பைக் குறைத்த சமூகங்களை 1986இல் ஆராய்ந்த மக்கட்டொகையியல் அறிஞர் ஜோன் கால்ட்வெல், இலங்கை, கேரளம், கொஸ்தரிக்கா ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டினார். அவர் கண்ட காரணங்களுள் முன்நிற்பது பெண்கல்வி. படித்த தாய் நோயைச் சீக்கிரம் இனங்காண்கிறாள். வைத்தியரிடம் கேள்வி கேட்கிறாள். பிள்ளைக்கு வேண்டியதை வீட்டில் வலியுறுத்திப் பேசுகிறாள்.

மன்னாரின் நிலை

மன்னார் மாவட்டம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் ஒரு இலட்சம் அளவில்தான். மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும், மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்களும் உள்ளன. நிலம் விரிந்தது, குடியிருப்புகள் சிதறியவை. மாவட்டப் பொது வைத்தியசாலை மன்னார்த் தீவின் கிழக்கு முனையிலுள்ள மன்னார் நகரில் இருக்கிறது. மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரிலிருந்து அங்கு வர ஏறத்தாழ 30 கிலோமீற்றர். முசலியின் தென்கோடிக் கிராமங்களிலிருந்து வருவோர் பெருநிலத்தைக் கடந்து, பாலத்தையும் தாண்ட வேண்டும். 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் திறக்கப்பட்டது 2010இல்தான்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மன்னார் மக்களே அதிகம். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வாழ்ந்தோர் புத்தளத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்தனர். தமிழ்க் குடும்பங்கள் பல மடு முகாமுக்கும் கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் ஓடின. இடப்பெயர்வு பாடசாலைப் பதிவேட்டையும் கிளினிக் அட்டையையும் ஒருசேரப் பறித்துக்கொள்கிறது. எந்தத் தடுப்பூசி எந்த வயதில் போடப்பட்டது, பிள்ளை எந்த ஆண்டு மெலிந்தது என்ற விவரம் கிடையாத ஒரு தலைமுறை இன்று தாய்மார் தலைமுறையாக இருக்கிறது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாமே சுமப்போரும் அவர்களுள் உண்டு. மீள்குடியேறிய ஊர்களில் கட்டிமுடித்து இயங்கத் தொடங்கிய முதற் பொது நிறுவனம் பல இடங்களிலும் பாடசாலையே. நலத்துறையின் பணியை அது முதலில் ஏற்க நேர்ந்ததன் காரணமும் இதுவே.

கரையோரத்தின் இயற்கையும் கவனிக்கத்தக்கது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சிறிது காலத்திலேயே, கிணறுகளில் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டிபென்சி என்னும் நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. மலேரியா கர்ப்பிணியின் குருதிச்சோகையை மோசமாக்கிக் கருவையும் தாக்கும் நோய். ஆகவே பாடசாலைக் கிணற்றை வலையிட்டு மூடுவதும், வீட்டுக் கிணற்றைப் பற்றி மாணவரிடம் பேசுவதும் இங்கே தாய்நலப் பணியின் பகுதிகள்.

பரிசோதனையும் தடுப்பூசியும்

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடத்தப்படுகிறது. 200க்குக் குறைந்த மாணவர் உள்ள பாடசாலையில் எல்லாத் தரப் பிள்ளைகளும் பார்க்கப்படுகின்றனர். மன்னாரின் சிறு கிராமப் பாடசாலைகள் பலவற்றுக்கு இது பொருந்தும்.

அந்த நாளில் ஒரு வகுப்பறை கிளினிக் ஆகிறது. வாங்குகள் ஓரமாக்கப்பட்டு, நிறை பார்க்கும் தராசும் உயரம் அளக்கும் கோலும் வைக்கப்படுகின்றன. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் குறித்த தூரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பிள்ளை வாசிக்கிறாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளவுகளை அட்டையில் பதிய, வைத்திய அதிகாரி கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறத்தின் நிறத்தைப் பார்க்கிறார். அது வெளிறியிருந்தால் குருதிச்சோகை இருக்கலாம். பல், தோல், இதயத்துடிப்பு, முள்ளந்தண்டின் வளைவு எனப் பரிசோதனை நீள்கிறது. ஏழாந் தர மாணவிக்கு இது மாதவிடாய் பற்றி மருத்துவர் ஒருவரிடம் பேசக் கிடைக்கும் முதல் வாய்ப்பாகவும் அமையலாம். திரைச்சீலை ஒன்றைக் கட்டித் தனிமை தருவதும், ஆசிரியை ஒருவர் அருகில் இருப்பதும், அந்த வாய்ப்பு வீணாகாமற் காக்கும். பரிசோதனையின் பயன் அதன் பின்தொடர்ச்சியிலேயே தங்கியுள்ளது. கண்ணாடி தேவை என எழுதப்பட்ட பிள்ளைக்குக் கண்ணாடி கிடைத்ததா, வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை போனாளா என்று வகுப்பாசிரியர் கேட்டறிய வேண்டும்.

தடுப்பூசித் திட்டத்தில் பாடசாலையின் இடம் உறுதியானது. கருவிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கும் ருபெல்லாவுக்கு எதிராக 1996இல் 11 முதல் 44 வயது வரையான பெண்களுக்குத் தடுப்பூசி வழங்கத் தொடங்கியபோது, பாடசாலைகளே மாணவிகளை எட்டிய வழி. தாயையும் சிசுவையும் கொல்லும் ஏற்புவலிக்கு எதிரான ஊசியும் பாடசாலையில் போடப்படுகிறது. 2017 முதல் ஆறாந் தர மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரு தடவை எச்.பி.வி. தடுப்பூசி வழங்கப்படத் தொடங்கியது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமான 16, 18ஆம் வகை வைரசுகளை அது தடுக்கிறது. 2030க்குள் உலகின் 90 வீதமான சிறுமியருக்கு 15 வயதுக்கு முன் இவ்வூசி போடப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு. மகளுக்கு ஊசிப் படிவம் வரும் நாள் தாய்க்கும் பயன்படும். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போய், அதே புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் சோதனை செய்யுமாறு அந்தப் படிவத்தோடு ஒரு துண்டு அனுப்பினால், ஒரே வீட்டில் இருவர் காக்கப்படுவர்.

உணவும் இரும்புச்சத்தும்

வளரிளம் மாணவருக்கு வாரம் ஒருமுறை இரும்பு–போலிக் அமில மாத்திரை பாடசாலையில் வழங்கப்படுகிறது. வீட்டுக்குக் கொடுத்துவிட்ட மாத்திரை மேசைமேல் கிடப்பதுண்டு. வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் உணவுக்குப் பின் விழுங்கப்படும் மாத்திரையே உடலில் சேர்கிறது. மாத்திரை எடுத்தால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு புரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயந்து நிறுத்துவோர் குறைவர்.

மன்னாரில் சத்துணவுக்குப் பொருள் இல்லாமலில்லை. நெத்தலியும் சூடையும் முள்ளோடு உண்ணத்தக்கவை, கல்சியம் மிக்கவை. முருங்கை கேட்பாரற்று வேலியில் நிற்கிறது. எனினும் நல்ல மீன் ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. வீட்டில் எஞ்சுவதில் ஆண்களும் சிறுவர்களும் உண்ட பின்னரே பெண்களின் முறை வருகிறது. காலையில் வெறும் தேநீரோடு பாடசாலைக்கு வரும் மாணவி, உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும், தேசிக்காய்ச் சாறு அதைக் கூட்டும் என்பதையும் அறிந்தால், செலவின்றியே உணவின் பயனை உயர்த்திக்கொள்வாள். மனைப்பொருளியல் வகுப்பு அவ்வூர் அடுப்பிலிருந்தே தொடங்கலாம். மீன் சொதியும் முருங்கையிலை வறையும் ஒரு மாணவியின் ஒருநாள் இரும்புத் தேவையில் எவ்வளவை நிறைவேற்றும் என்று கணக்கிடுவது நல்ல பயிற்சி.

மாதவிடாயும் மலசலகூடமும்

பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் வீட்டில் உளுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது நம்மவர் வழக்கம். அது காக்கத்தக்க மரபு. ஆனால் சாமத்தியச் சடங்கு முடியும்வரை பாடசாலைக்கு அனுப்பாதிருப்பதும், அதன் பின் மாதந்தோறும் ‘சுகமில்லை’ என்று இரண்டு மூன்று நாள் நிற்பதும் கல்வியை அறுக்கின்றன. மாதம் இரண்டு நாள் வராத மாணவி ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பை இழக்கிறாள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பின்தங்கியவள் சாதாரண தரத்தோடு நின்றுவிடுகிறாள். நின்றவளுக்கு வீட்டில் கலியாணப் பேச்சு தொடங்குகிறது.

இந்தத் தொடரை முதற் கண்ணியிலேயே அறுக்கப் பாடசாலையால் முடியும். அதற்கு வேண்டியவை எளியவை. பெண்பிள்ளைகளுக்கென ஆண்களின் மலசலகூடத்திலிருந்து தள்ளி ஒரு மலசலகூடம், உட்புறம் பூட்டக்கூடிய கதவு, வாளியும் தண்ணீரும் சவர்க்காரமும், மூடியுள்ள குப்பைத் தொட்டி, எரிப்பதற்கு ஓர் உலை, ஆசிரியை ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் நாப்கின் ஆகியவையே. மணற்பாங்கான தீவில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால் மலக்குழி கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் அமைய வேண்டும். தண்ணீரில்லாத நாளில் மாணவி காலை முதல் நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பாள். அதன் விளைவு சிறுநீர்த் தொற்று.

நாப்கின்னின் விலை ஏழைக் குடும்பத்துக்குப் பாரம். 2018 வரை அதன் இறக்குமதி வரி 100 வீதத்தைத் தாண்டியிருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2024இல் கல்வி அமைச்சு மாணவிகளுக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தின் ‘புதுயுகம்’ திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு நாப்கின்னை இலவசமாக வழங்குகிறது. துணி பயன்படுத்தும் பெண்களும் பலர். சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் உலர்த்திய துணி பாதுகாப்பானது. வெட்கத்தால் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காயவைத்த ஈரத்துணி தொற்றைத் தரும். இந்த ஒரு செய்தியை வகுப்பில் சொல்வதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

அறிவும் பாதுகாப்பும்

‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை எல்லோருக்கும் உரிய பாடம். சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடுகிறது. இனப்பெருக்கம் பற்றிய பகுதியை ‘வீட்டில் வாசியுங்கள்’ என்று கடந்துபோகும் வழக்கம் பல வகுப்பறைகளில் உண்டு. அந்த வெற்றிடத்தைக் கைத்தொலைபேசி நிரப்புகிறது. ஆசிரியை தயங்கும் இடத்தில் மிட்வைப்பை அழைக்கலாம். கிராமத்தவர் அனைவரும் அவரை அறிவர். பிள்ளைகள் அவரிடம் கேட்பர். ஆண்பிள்ளைகளுக்கும் இப்பாடம் முழுமையாகச் சேர வேண்டும். நாளை மனைவியின் கர்ப்ப காலத்தில் அபாய அறிகுறியைக் கண்டு வாகனம் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களே.

பாதுகாப்பும் நலத்தின் கூறு. 1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை; அதன் சீர்திருத்தம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சட்டத்துக்கு வெளியே நடக்கும் இளவயது இணைவுகள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. இடுப்பெலும்பு முழுவளர்ச்சி பெறாத உடலில் கர்ப்பம் தங்கினால் குருதிச்சோகை, உயர் குருதியழுத்தம், தடைப்பட்ட பிரசவம், குறைநிறைக் குழந்தை ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. இதைத் தடுக்கும் வழிகளில் உறுதியானது மாணவியைப் பாடசாலையில் வைத்திருப்பதே. மன்னார் நகரின் புனித சவேரியார் பெண்கள் கல்லூரியும் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மகளிர் மகா வித்தியாலயமும் போன்ற பெண்கள் பாடசாலைகள், கலவன் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் பிள்ளைகளையும் உயர்தரம் வரை கொண்டுபோகின்றன. தொடர்ந்து ஒரு வாரம் வராத மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் கிராம அலுவலரும் போவது ஒரு நல வருகையே. துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கங்கள் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விளையாட்டையும் இங்கே சேர்க்க வேண்டும். பூப்படைந்ததும் மைதானத்திலிருந்து விலக்கப்படும் பெண்பிள்ளை, எலும்பும் தசையும் உறுதிபெறும் ஆண்டுகளை உட்கார்ந்தே கழிக்கிறாள். வலைப்பந்தாட்டத்துக்கு ஒரு சிறு திடல் போதும்.

கல்லூரியும் பல்கலைக்கழகமும்

பாடசாலைக்குப் பிந்திய நிறுவனங்களின் பணி இருவகையானது. முதலாவது, தம்மிடம் வரும் இளம்பெண்களைப் பேணுதல். மன்னாரில் பல்கலைக்கழகம் இல்லை. மாணவிகள் 1974இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ, அதற்கும் அப்பாலோ சென்று விடுதியில் தங்குகின்றனர். உணவு தவிர்ப்பு, தனிமை, மனச்சோர்வு, பகிடிவதை ஆகியவை அங்கே காத்திருக்கின்றன. 1998இன் பகிடிவதைத் தடைச் சட்டம் ஏட்டில் மட்டும் நின்றுவிடக் கூடாது. விடுதி உணவின் தரம், பெண் உளவளத்துணையாளர், மகளிர் நோயியல் வைத்தியரிடம் செல்லும் வழி, கருத்தடை பற்றிய சரியான அறிவு ஆகியவை கல்லூரி நிர்வாகத்தின் கடமைகள்.

இரண்டாவது, நலப்பணியாளரை உருவாக்குதல். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் வடக்குக்கு வைத்தியர்களைத் தந்துவருகிறது. எனினும் கிராமத்தில் நாள்தோறும் பெண்களைச் சந்திப்பவர் மிட்வைப்பும் தாதியுமே. அப்பயிற்சிகளுக்குப் பரீட்சைத் தகைமை வேண்டும். பேசாலையிலோ சிலாவத்துறையிலோ விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியரில்லாத பாடசாலை, பத்தாண்டுக்குப் பின் அவ்வூருக்கு வரவேண்டிய தாதியை இன்றே இழக்கிறது. வெளிமாவட்டத்திலிருந்து வருவோர் இடமாற்றம் பெற்றுச் செல்வர். ஊர்ப் பெண் தன் ஊரிலேயே பணியாற்றும்போது மொழியும் வழக்கமும் தடையாவதில்லை. மீனவக் குடும்பம் எந்த நேரத்தில் வீட்டிலிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே கிராமப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நிலைபெறச் செய்வதே நெடுங்கால நோக்கில் பெண்கள் நலத்துக்கான முதன்மையான முதலீடு.

பொறுப்புகள்

இப்பணிகளுக்குப் புதிய நிறுவனம் ஒன்று தேவையில்லை. அதிபர், மாணவியரின் வரவுப் பதிவேட்டைத் தனியாக நோக்கி மாதந்தோறும் வராத நாட்களின் காரணத்தை அறியலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வலயக் கல்விப் பணிமனையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பரிசோதனை, தடுப்பூசி நாட்களைச் சேர்ந்து வகுக்கலாம். பாடசாலைச் சுகாதாரக் கழகம் கிணறு, மலசலகூடம், சிற்றுண்டிச்சாலை ஆகியவற்றைத் தவணைக்கொருமுறை பார்வையிட்டு எழுதலாம். பழைய மாணவியர் சங்கமும் புலம்பெயர்ந்த ஊரவரும் மண்டபத்துக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பங்கை மலசலகூடத்துக்கும் குடிநீருக்கும் கொடுக்கலாம். ஆலயமும் பள்ளிவாசலும் தேவாலயமும் மகளை 18 வயது வரை படிக்க விடுமாறு பெற்றோரிடம் சொல்லலாம். மன்னாரில் அவற்றின் சொல்லுக்கு மதிப்புண்டு. பல்கலைக்கழகங்கள் இம்மாவட்ட மாணவியரின் குருதிச்சோகை, இடைவிலகல், இளவயதுக் கர்ப்பம் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து, முடிவுகளைத் தமிழில் ஊருக்கே திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு தரப்பும் தன் பங்கைச் செய்தால், முதற் கர்ப்பத்தில் கிளினிக்குக்கு வரும் மன்னார்ப் பெண் குருதிச்சோகையின்றியும் தடுப்பூசிகளைப் பெற்றவளாகவும் தன் உடலை அறிந்தவளாகவும் வருவாள்.